கன்னியம்மன் கரையிலிருந்து கல்லூரி வாசல் வரை

மாசி மகத்துக்கு முந்தைய மாலையில் மாமல்லபுரம் கடற்கரைக்குச் செல்லும் அன்பர்கள் ஓர் அரிய காட்சியைக் காணலாம். கடற்கரைக் கோயிலை அடுத்த மணற்பரப்பில், கழிகளை நட்டுச் சேலைகளைச் சுற்றிக் கட்டிய சிறு குடில்கள் வரிசையாக எழுந்திருக்கும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் எனப் பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு வந்து அன்றிரவு அங்கே தங்குவார்கள். அவர்களுடைய குலதெய்வம் கன்னியம்மன். கோபித்துக்கொண்டு கடலுக்குள் சென்றுவிட்ட அன்னையை, 'எங்களோடு திரும்பி வா, தாயே' என்று வேண்டி அழைப்பதே அந்த வழிபாட்டின் உட்பொருள் என்று அம்மக்கள் நம்புகிறார்கள்.

பௌர்ணமி நிலவு மேற்கே சாயும் விடியற்பொழுதில், ஈர மணலைக் குவித்து ஏழு படிகள் அமைப்பார்கள். மஞ்சள், குங்குமம், பூ, வெற்றிலை பாக்கு, பொரி, பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றுவார்கள். அந்த மணற்படிகளின் முன்னேயே திருமணங்கள் நடைபெறும்; பெண் பார்த்து நிச்சயம் செய்வதும், குழந்தைகளுக்கு முடியிறக்கிக் காது குத்துவதும் அங்கேதான். கோபுரமும் இல்லை, கொடிமரமும் இல்லை, கடலே கருவறை. பல்லவர் குடைந்த குகைகளையும் தேர்களையும் கண்டு வியக்கும் நாம், அதே கரையில் ஆண்டுதோறும் நிகழும் இந்த வழிபாட்டையும் அறிந்திருப்பது நல்லது.

இந்தக் கட்டுரை திருவிழாவைப் பற்றியது மட்டும் அன்று. அன்றிரவு அந்த மணலில் பெற்றோரின் அருகே உறங்கும் பிள்ளைகளைப் பற்றியது. மாசியும் பங்குனியும் பள்ளிகளில் பொதுத்தேர்வுக் காலம். கடலன்னையை வணங்கிவிட்டு ஊர் திரும்பும் அந்தக் கூட்டத்தில், சில நாட்களில் பத்தாம் வகுப்புத் தேர்வோ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வோ எழுதவேண்டிய பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுள் பலர், தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி இறுதி வகுப்பை எட்டியவர்கள். தேர்வில் வென்ற பிறகு அவர்கள் எங்கே செல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பாம்பறிந்த குலம்

இருளர்கள் காட்டை அறிந்தவர்கள். மூலிகை, தேன், கிழங்கு, எலி வளை, பாம்புப் புற்று ஆகிய யாவும் அவர்களுக்குத் திறந்த புத்தகம். ஒரு காலத்தில் பாம்பின் தோலுக்காக அவர்களைப் பிறர் பயன்படுத்திக்கொண்டார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அந்தத் தொழில் படிப்படியாக நின்றது. பல குடும்பங்கள் பிழைப்பின்றித் தவித்தன. அந்நிலையில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளிலிருந்தும் நஞ்சை எடுத்துவிட்டு, அவற்றை உயிருடன் மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் செலுத்தப்படும் மாற்று மருந்துக்கு மூலப்பொருள் அந்த நஞ்சுதான். பாம்பு தீண்டி உயிர் பிழைத்த எத்தனையோ உழவர்கள், தாங்கள் பார்த்திராத ஓர் இருளருக்குக் கடன்பட்டவர்கள்.

2023-ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்கும் வழியைக் காட்ட, 2017-ல் அழைக்கப்பட்டுச் சென்றவர்கள் அவர்கள். பள்ளிக்கூடம் தராத அறிவை முன்னோரிடமிருந்து பெற்றவர்கள். அறிவுக் குறைவினால்தான் இம்மக்கள் பின்தங்கினர் என்று எவரும் கூற இயலாது என்பதற்கு இவ்விருதே சான்று.

எனினும், 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் எழுத்தறிந்தோர் 80 விழுக்காடு. பழங்குடியினரிடையே அது 54 விழுக்காடுதான். தமிழகத்தில் மிகவும் நலிவுற்றவை என மத்திய அரசு வகைப்படுத்திய பழங்குடிகள் ஆறு. அவற்றுள் இருளரும் ஒருவர். காரணம் தேடுவதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. தை பிறந்ததும் செங்கல் சூளைகளில் வேலை தொடங்குகிறது. முன்பணம் பெற்ற பெற்றோர் சூளைக்குக் குடிபெயர்கின்றனர்; பிள்ளைகளும் உடன் செல்கின்றனர். தேர்வு நெருங்கும் வேளையில் வகுப்பறையில் அவர்களுடைய இடம் காலியாகிவிடுகிறது. விடுதியில் தங்க இடம் கிடைத்த பிள்ளைகள் மட்டும் படிப்பைத் தொடர்கின்றனர். இம்மாவட்டத்தின் குமிழியில் இயங்கும் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி போன்றவை எத்துணை இன்றியமையாதவை என்பது இதனால் விளங்கும்.

ஒரு தாளின் கனம்

தடைகளையெல்லாம் தாண்டிப் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய ஒரு மாணவியை மனத்தில் கொள்வோம். கல்லூரியில் இடஒதுக்கீடு உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் உதவித்தொகையும் உண்டு. ஆனால், இவற்றுக்கெல்லாம் திறவுகோல் ஒன்றுதான்: சாதிச் சான்றிதழ்.

பிற வகுப்பினருக்கு வட்டாட்சியர் நிலையிலேயே சான்றிதழ் கிடைத்துவிடும். பழங்குடியினருக்கோ வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் விசாரணை செய்து வழங்கவேண்டும். தகுதியற்றவர்கள் பொய்ச் சான்று பெற்றுவிடக்கூடாது என்பதற்காக அமைந்த நல்ல ஏற்பாடு அது. ஆயினும் விசாரணையின்போது, 'தந்தையின் சான்றிதழ் இருக்கிறதா? பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருக்கிறதா? நிலப் பட்டா உண்டா?' என்ற கேள்விகள் எழுகின்றன. தந்தை பள்ளிக்கே சென்றவர் அல்லர். நிலம் என்றும் இருந்ததில்லை. ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை. தலைமுறை தலைமுறையாக எழுத்தில் பதியாமலே வாழ்ந்தவர்களிடம் எழுத்தில் சான்று கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

அலைச்சலுக்குக் கூலி வேலையை விடவேண்டும். விட்டால் அன்றைய அடுப்பு எரியாது. இருமுறை சென்று திரும்பிய தந்தை மூன்றாம் முறை செல்லத் தயங்குகிறார். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதியோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. அந்தத் தேதி கடந்துவிட்டால், ஓராண்டு வீணாகும். அந்த ஓராண்டுக்குள் அந்தப் பெண்ணுக்குத் திருமணம் முடிந்துவிடுவதும் உண்டு. மதிப்பெண் இருந்தும், ஒரு தாள் இல்லாமையால் ஒரு வாழ்க்கை திசை மாறிவிடுகிறது.

பாயும், விளக்குக்கு எண்ணெயும்

கல்விக்கு ஆசிரியர் மட்டும் போதாது, அதைச் சூழ்ந்த சிறு சிறு உதவிகளும் வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அதற்குச் சான்று இதே வட்டாரத்தில் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல், பழைய ஒருங்கிணைந்த செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. அங்கு எழுந்தருளியிருக்கும் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது.

அக்கோயிலைச் சார்ந்து வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் ஒரு பள்ளியும், மாணவர் தங்கும் விடுதியும், 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை என்னும் மருத்துவமனையும் இயங்கின. ஆசிரியருக்கு எவ்வளவு நெல் என்று கூறுவதோடு அந்தக் கல்வெட்டு நின்றுவிடவில்லை. மாணவர்களுக்கு உணவு, படுக்கப் பாய், இரவில் படிக்க விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தோறும் தலைமுழுக எண்ணெய் ஆகியவற்றுக்கும் நிவந்தம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெருமாளுக்கு நந்தாவிளக்கு எரிந்த கோயிலில், பிள்ளைகள் படிக்கும் விளக்குக்கும் எண்ணெய் அளந்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் அத்தகைய பள்ளியில் எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் சேர்ந்து கற்கவில்லை என்பதும் உண்மையே. அந்தக் குறையை ஒப்புக்கொள்வதால் முன்னோருக்குச் சிறுமை இல்லை. அவர்கள் காட்டிய அக்கறையை, அன்று வெளியே நின்றவர்களின் பிள்ளைகளுக்கும் நீட்டுவதே நாம் செய்யக்கூடிய கைம்மாறு.

அவ்வாறு நீண்ட ஒரு கையைப் பிற்காலத்தில் காண்கிறோம். பெரியபாளையத்தில் 1754-ல், தந்தையை இழந்த குழந்தையாகவே பிறந்தவர் பச்சையப்ப முதலியார். பவுனி நாராயண பிள்ளை என்னும் செல்வரின் ஆதரவில் சென்னையில் வளர்ந்தார். ஈட்டிய பெருஞ்செல்வத்தை 1794-ல் எழுதிய உயிலின்படி ஆலயத் திருப்பணிக்கும் அறப்பணிக்கும் விட்டுச் சென்றார். நெடுங்காலம் நீதிமன்றத்தில் நடந்த வழக்குக்குப் பின், கோயில் கட்டளைகள் போக எஞ்சிய தொகை கல்விக்கு உரியதாயிற்று. 1842-ல் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளி சென்னையில் திறக்கப்பட்டது. அதுவே பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. காஞ்சிபுரத்திலும் அந்த அறக்கட்டளையின் கல்லூரி 1947-ல் எழுந்தது. ஆதரவற்ற ஒரு குழந்தைக்கு ஒருவர் அளித்த அடைக்கலம், பல்லாயிரம் பிள்ளைகளின் கல்வியாகப் பெருகியது.

பூஞ்சேரியில் ஒரு தீபாவளி

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. 2021 அக்டோபரில், மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் தங்களுக்கு இடம் மறுக்கப்பட்டதாக நரிக்குறவர் குலத்து இளந்தாய் ஒருவர் வேதனையோடு பேசிய காணொளி தமிழகமெங்கும் பரவியது. பூதத்தாழ்வார் அவதரித்த தலம் அது. சில நாட்களில் அறநிலையத் துறை அமைச்சர் அக்கோயிலுக்கு வந்து, அதே பெண்மணியின் அருகே பந்தியில் அமர்ந்து உணவருந்தினார். தீபாவளி நாளான நவம்பர் 4 அன்று முதலமைச்சர், அவர்கள் வசிக்கும் பூஞ்சேரிக்கே சென்று, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாக்களையும் சாதிச் சான்றிதழ்களையும் வழங்கினார்.

அன்று வழங்கப்பட்டவற்றுள் சான்றிதழும் ஒன்று என்பதைக் கவனிக்கவேண்டும். அது ஒரு வேளைப் பசியை அன்று, ஒரு தலைமுறையின் பசியைத் தீர்க்கவல்லது. அதன் பின்னர், நரிக்குறவர் சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத் திருத்தம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2023 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. மாமல்லபுரத்தில் மணிமாலை விற்கும் தாயின் பிள்ளைக்கும் இன்று கல்லூரியில் ஓர் இடம் சட்டப்படி உரியது. அந்த இடத்தில் பிள்ளையை அமரச் செய்யும் வேலைதான் எஞ்சியிருக்கிறது.

திறந்திருக்கும் வாசல்கள்

வாசல்கள் பல திறந்திருக்கின்றன. அவை இருக்கும் இடம்தான் பலருக்குத் தெரிவதில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்கு மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் தனியே ஒதுக்கப்பட்டுள்ளன. அவ்வாறு அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி தொடரும் மாணவியருக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தின் கீழ் 2022 முதலும், மாணவருக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தின் கீழ் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. செங்கல்பட்டிலேயே 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும், இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரியும் இருக்கின்றன.

இன்னொரு வாசல் கோயிலோடு நேரடியாகத் தொடர்புடையது. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம், இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. அதன் முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் அவருடைய திருமகனார் கணபதி ஸ்தபதி நெடுங்காலம் முதல்வராக இருந்தார். குமரிமுனையில் 133 அடி உயர்ந்து நிற்கும் திருவள்ளுவர் சிலை அவருடைய ஆக்கமே. கல், சுதை, மரம், உலோகம் ஆகியவற்றில் சிற்பம் செய்யவும், ஆலயக் கட்டடக் கலையைக் கற்கவும் அங்கே பட்டப்படிப்புகள் உள்ளன. முன்பு தந்தையிடமிருந்து மகன் மட்டுமே கற்ற கலையை, இன்று விண்ணப்பித்து எவரும் கற்கலாம். ஊர்தோறும் குடமுழுக்குத் திருப்பணி நடக்கும் இந்நாளில் கைத்திறன் கற்றவருக்கு வேலைக்குக் குறைவில்லை. வரையும் கையுள்ள ஓர் ஏழைப் பிள்ளையிடம் இக்கல்லூரியைப் பற்றிச் சொல்லுவதும் ஒரு திருப்பணியே.

மூத்தோர் செய்யத்தக்கவை

பணி ஓய்வு பெற்று, காலையில் கோயில் பிராகாரத்தை வலம் வந்து, மாலையில் மண்டபத்தில் அமர்ந்து உரையாடும் மூத்தோர் ஊர்தோறும் இருக்கின்றனர். அவர்களுள் ஆசிரியராக, வருவாய்த் துறையில் எழுத்தராக, வங்கியில், அஞ்சலகத்தில் பணிபுரிந்தவர்கள் பலர். விண்ணப்பம் எழுதுவதும், அலுவலகத்தில் யாரை அணுகவேண்டும் என்பதும் அவர்களுக்குக் கைவந்த கலை. அந்த ஏழைத் தந்தைக்கு இல்லாதது அதுதான்.

பெரும்பொருள் தேவையில்லை. அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைக் கண்டு, அவருடைய இசைவோடு, ஒன்பதாம் வகுப்பிலேயே எந்தெந்தப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை என்று கேட்டறியலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின் ஓடுவதைவிட, மூன்றாண்டு முன்னதாக விண்ணப்பித்தால் விசாரணைக்கு வேண்டிய காலம் கிடைக்கும். சித்தப்பா, பெரியப்பா என உறவினரில் எவரேனும் முன்பே சான்றிதழ் பெற்றிருந்தால், அதன் நகலைத் தேடி எடுத்து இணைக்கலாம். இ-சேவை மையத்துக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தந்தையோடு துணையாகச் செல்லலாம். 'ஐயா, இவர் எங்கள் ஊரார்; நாங்கள் அறிந்தவர்' என்று ஒரு பெரியவர் உடன் நின்றாலே, அந்த மனிதர் நிமிர்ந்து பேசுவார்.

அடுத்தது பெயர்ப் பிழை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் மற்றொரு எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் வேறொரு தலைப்பெழுத்து. இந்தச் சிறு பிழை உதவித்தொகையைத் தடுத்துவிடும். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பப்படும் முன்னரே இதைச் சீர்செய்ய வேண்டும். வங்கிக் கணக்கும் அவ்வாறே. ஆதார் இணைக்கப்பட்ட கணக்கில்தான் அரசின் உதவித்தொகை சேரும். இரண்டாண்டு வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். ஆறாம் வகுப்பில் தொடங்கி மறந்துபோன கணக்கைப் புதுப்பிக்க மாணவர் வங்கிக்குச் சென்று அடையாளச் சான்றுகளை அளிக்கவேண்டும். கல்விக்கடன் தேவைப்படுவோருக்கு, 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை என்பதையும், படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது என்பதையும் எடுத்துரைக்கலாம். அதே வேளையில், அரசு கல்லூரியில் இடம் கிடைக்கும் பிள்ளையைக் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேரும்படி தூண்டும் தரகரிடமிருந்து காப்பதும் மூத்தோர் கடமையே.

கல்லூரியில் சேர்ந்ததோடு பணி முடிந்துவிடாது. முதல் ஆண்டில்தான் பலர் படிப்பை நிறுத்துகின்றனர். ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு, புதிய ஊர், விடுதி, சக மாணவரின் ஏளனம் ஆகியவை அந்தப் பிள்ளையை மருட்டுகின்றன. மாதம் ஒருமுறை ஒரு தாத்தாவோ பாட்டியோ தொலைபேசியில் அழைத்து, 'சாப்பிட்டாயா, கண்ணு? பாடம் புரிகிறதா?' என்று கேட்டால், அந்தக் குரலே ஊன்றுகோலாகும்.

நம் கோயில்களில் கட்டளை என்னும் மரபு உண்டு. பிரம்மோற்சவத்தில் இன்ன நாள் இன்ன குடும்பத்தின் உபயம் என்று தலைமுறையாக நடந்துவருகிறது. அந்தக் கட்டளை குறைவின்றித் தொடரட்டும். அதனோடு, ஆண்டுக்கு ஒரு பிள்ளை என்று ஒவ்வொரு குடும்பமும் இன்னொரு கட்டளையை ஏற்கலாம். சான்றிதழ் கைக்கு வரும்வரை உடன் நடப்பதும், விண்ணப்பக் கட்டணம் செலுத்துவதும், விடுதிக்குச் செல்லும் நாளில் ஒரு பாயும் போர்வையும் வாங்கித் தருவதும் அந்தக் கட்டளையில் அடங்கும். திருமுக்கூடலில் அன்று அளந்த எண்ணெயின் தொடர்ச்சி அதுவே.

அடுத்த மாசி மகத்திலும் மாமல்லபுரம் மணலில் ஏழு படிகள் எழும். 'எங்களோடு திரும்பி வா, தாயே' என்று அம்மக்கள் கடலைப் பார்த்து அழைப்பார்கள். அந்தக் கூட்டத்தில், கல்லூரியிலிருந்து விடுப்பில் வந்த ஒரு பெண் தன் தாயின் அருகே நின்று கற்பூரம் ஏற்றுவாளேயானால், அன்னை கரைக்குத் திரும்பிவிட்டாள் என்றே கொள்ளலாம்.